பெயர் வெட்டிய பித்தளை

எங்கள் பெரியம்மாவின் மூத்த மகள் வெள்ளவத்தையில், கடலைப் பார்த்த தொடர்மாடி ஒன்றின் எட்டாம் மாடியில் வீடு வாங்கி மூன்று வருஷமாகிறது. வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் "இது வீடா, மியூசியமா?" என்று கேட்காமல் போவதில்லை. ராத்தாவுக்கு அதில் பாதி பெருமை, பாதி கவலை. அந்த வீட்டிலிருக்கும் பழைய சாமான்களில் பாதிக்கு மேல் யாழ்ப்பாணத்திலிருந்து தேடி எடுத்து லொறியில் ஏற்றிவிட்டவன் நான். ஆகவே அந்தப் பெருமையிலும் கவலையிலும் எனக்கும் பங்கிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் ராத்தாவின் மகள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தவள். பக்கத்து வீடுகளில் இருப்பதுபோலத் தோல் சோபாவும் கண்ணாடி மேசையும் வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றாள்.

"மாமா, எல்லாம் ஒரே கடையில வாங்கின மாதிரி இருந்தா அது வீடில்ல, ஹோட்டல் ரூம். ஒண்டுக்கொண்டு சம்பந்தமில்லாத சாமானெல்லாம் ஒரே அறையில சண்டை பிடிக்காம இருக்கணும். அதுதான் அழகு" என்றாள்.

அப்படியொரு அறையில் வகுப்பு நடத்தித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

அவள் நினைக்கிற அழகை எனக்குப் புரியவைப்பதற்காகக் கொள்ளுப்பிட்டியில் பகத்தலை வீதிப் பக்கம், 33ஆம் ஒழுங்கைக்கு அழைத்துப் போனாள். அங்கே 11ஆம் இலக்கம் ஜெப்ரி பாவா வாழ்ந்த வீடு. 1919இல் பிறந்து 2003இல் மறைந்த அந்தக் கட்டடக்கலைஞர் தகப்பன் வழியில் முஸ்லிம் வேருள்ளவர் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. ஒரே வரிசையில் இருந்த நான்கு சிறிய வீடுகளில் ஒன்றில் 1950களின் கடைசியில் குடியேறி, மற்றவற்றையும் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார். உள்ளே போனால் எங்கே வீடு முடிகிறது, எங்கே முற்றம் தொடங்குகிறது என்று பிடிபடாது. வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே செட்டிநாட்டிலிருந்து வந்த தூண்கள். அவுஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் பிரெண்ட் வண்ணம் தீட்டிய கதவுகள். அவள் சொன்ன "சண்டை பிடிக்காமல்" என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. அந்த வீட்டில் ஒவ்வொரு பொருளைச் சுற்றியும் வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். அடைத்து வைத்தால் அது கடை. இடம் விட்டு வைத்தால் வீடு.

அழகான வீடு, சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தூண்களுக்குப் பக்கத்தில் நின்றபோது வாத்தியார் புத்தி வேறு பக்கம் போய்விட்டது. இவை முன்பு எந்த வீட்டின் கூரையைத் தாங்கின? செட்டிநாட்டுக் கதை ஓரளவு தெரிந்ததுதான். பர்மாவில் சம்பாதித்துப் பர்மாத் தேக்கில் கட்டிய மாளிகைகள் அவை. 1930களின் பொருளாதார மந்தம், 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு, பிறகு பர்மாவின் சுதந்திரம் என்று அடுத்தடுத்து வந்து அந்த வருமானம் நின்றுபோனது. ஒரு வீட்டுக்குப் பத்து இருபது பங்காளிகள். யாராலும் தனியே பராமரிக்க முடியாது. தூணாக, கதவாக, கண்ணாடியாகக் கழற்றி விற்றார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இன்றும் அந்தச் சாமான்களுக்கென்றே கடைகள் வரிசையாக இருக்கின்றன. வருத்தமான கதைதான். ஆனாலும் விற்றவன் வீட்டுக்காரன், காசு வாங்கியவனும் அவன்தான். எங்கள் பக்கத்துக் கதை அப்படியல்ல.

அலங்காரம் என்பதை எனக்கு முதலில் காட்டித் தந்தவர் உம்மா. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னபோது எனக்குப் பத்து வயது. அந்த மாதத்தில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் அனுப்பப்பட்டார்கள். அதை இங்கே விரித்து எழுத வேண்டியதில்லை, இந்தப் பக்கங்களில் பலர் எழுதியாயிற்று. புத்தளத்தில் கிடுகுக் குடிலுக்குள் நாங்கள் குடியேறிய முதல் கிழமையே உம்மா கடைக்காரரிடம் கேட்டு வாங்கிய கலண்டரிலிருந்து கஃபாவின் படத்தை வெட்டிக் கிடுகில் ஈர்க்கால் குத்தி வைத்தார். நிவாரண மாச்சாக்கைத் தோய்த்து, அச்செழுத்துகள் உள்பக்கம் போகும்படி தைத்துத் திரையாக்கினார். கற்பிட்டிப் பக்கம் போய்வந்த யாரோ கொண்டுவந்த சங்கு ஒன்று. மூடியில் துளையிட்டுத் திரி போட்ட ஹோர்லிக்ஸ் போத்தல் விளக்கு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சாமான்கள்தான், அவையும் சண்டை பிடிக்கவில்லை.

ஊரிலிருந்து வந்த பொருள் அந்தக் குடிலில் ஒன்றே ஒன்றுதான். பாக்குவெட்டி. வெளிக்கிடும் நேரத்தில் உம்மா பாக்குச் சீவிக்கொண்டிருந்தார். பதற்றத்தில் அதை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்துவிட்டார். ஐந்து சந்தியில் சோதித்தவர்களுக்கு அது பெறுமதியான பொருளாகத் தெரியவில்லை. மருமகள் அதைக் கேள்விப்பட்டுச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்று கேட்டாள்.

"சட்டம் போட்டா நான் எதால பாக்கு வெட்டுற?" என்றார் உம்மா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நான் ஆசிரியர் கலாசாலை முடித்து, வெளியிடங்களில் சில வருஷம் படிப்பித்து, 2011இல் உம்மாவையும் கூட்டிக்கொண்டு சோனகர் தெருவுக்குத் திரும்பினேன். எங்கள் வீட்டில் நான்கு சுவரும் ஒரு கிணறும் மிஞ்சியிருந்தன. கதவில்லை, நிலையில்லை, ஓடில்லை. இப்போது வலிகாமத்தில் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் எல்லோரும் தமிழ்ப் பிள்ளைகள். "சேர் சோனகத்தெரு" என்பது எனக்கு அங்கே அடையாளம். வசையாக யாரும் சொன்னதில்லை.

மருமகள் வட்சப்பில் ஒரு பட்டியல் அனுப்பினாள். பெட்டகம், சாய்மனைக் கதிரை, பித்தளைச் சாமான், கண்ணாடி அலுமாரி, யன்னல் கதவுகள். கதிரை, அலுமாரி, யன்னல், மேசை, வாங்கு எல்லாமே போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். எங்கள் வீட்டுக்குள் இருக்கும் சாமான்களை அவர்கள் மொழியில் சொல்லி, அது அந்நிய மொழி என்பதே மறந்து நானூறு வருஷமாகிறது. பெட்டகமும் வட்டாவும்தான் நம்முடையவை.

பழைய சாமான் யாழ்ப்பாணத்தில் எங்கிருந்து வருகிறது என்பதை இரண்டு வருஷ விடுமுறைகளில் தெரிந்துகொண்டேன். 2002இல் ஏ9 வீதி திறந்தபோது ஒரு தடவையும், 2009இல் யுத்தம் முடிந்தபின் இன்னொரு தடவையும் தெற்கிலிருந்து வியாபாரிகள் லொறியோடு வந்தார்கள். பழைய இரும்புதான் முதலில் போனது. பிறகு மரம், பித்தளை. இப்போது வருவது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு தொலைபேசி அழைப்பின் பலன். தாய் தகப்பன் மௌத்தாகிவிட, கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளைகள் வீட்டை விற்கிறார்கள். வாங்குகிறவன் நாற்சார் வீட்டை இடித்து மாடி கட்டுகிறான். இடிக்கிற அன்று காலையில் வியாபாரி வாசலில் நிற்கிறான். அந்த வியாபாரிகளில் நம்மவர்களும் இருக்கிறார்கள். மீண்டு வந்து கையில் முதலில்லாதவனுக்குப் பழைய இரும்பு, பித்தளை வியாபாரம்தான் சுலபமாகக் கிடைத்தது.

நல்லதைத் தெரிந்தெடுக்கக் கொஞ்சம் பழகவேண்டும். பார்க்கவேண்டிய இடம் முகமல்ல, அடி. அலுமாரியின் இழுப்பறையை வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். கைவாளால் அறுத்த பலகையில் கீறல்கள் நேராக, ஆனால் ஒழுங்கில்லாமல் இருக்கும். வட்டவாள் அறுத்தது பிறைபோல வளைந்த கீறல் விடும். பழைய தச்சன் பொருத்துக்கு மரமுளை அடித்திருப்பான். தேய்வு தேய வேண்டிய இடத்தில் இருக்கவேண்டும். சாய்மனைக் கதிரையில் கை வைக்கும் நுனியும் கால் நீட்டும் சட்டமும் தேயாமல் முதுகுப்புறம் மட்டும் தேய்ந்திருந்தால், அதைத் தேய்த்தது மனிதனல்ல, உப்புக் கடதாசி. முதிரை பொன்மஞ்சளாக மினுங்கும். கருங்காலி தூக்கும்போதே தன்னைச் சொல்லும். வைரம் பாய்ந்த பனையில் கறுப்பு நார் கோடு கோடாக ஓடும். அதை மேசைப்பலகையாக்கினால் கொழும்பில் மயங்காதவர் இல்லை. பித்தளையில் வார்ப்பு கனக்கும், உட்புறம் சற்றுக் கரடாக இருக்கும். தகட்டில் அடித்தது இலேசு. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் போதும். புளியின் அமிலம் மேற்பரப்பின் கறையைக் கரைத்துவிடும். ஆனால் கடல்காற்றுப் படும் எட்டாம் மாடியில் இரண்டு கிழமைக்குள் திரும்பக் கறுத்துவிடுகிறது என்பதை நாங்கள் பிறகுதான் கண்டோம். ராத்தா வேலைக்காரப் பெண்ணுக்குப் புளி வாங்கிக் கொடுத்தே களைத்துப்போனார்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன், வாத்தியார் அல்லவா. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியதைத்தான் தொல்பொருள் என்கிறது. அது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். 1619இல் போர்த்துக்கேயரிடமும் 1658இல் ஒல்லாந்தரிடமும் 1795இல் ஆங்கிலேயரிடமும் போன யாழ்ப்பாணத்துக்கு அந்த நாளில் விசேஷம் ஒன்றுமில்லை. எப்படியும் நான் ஏற்றிய சாமான் எதற்கும் அவ்வளவு வயதில்லை.

சிலவற்றை வேண்டாமென்றும் விட்டேன். ஒரு தடவை தேர்ச் சிற்பத் துண்டொன்றைக் காட்டினார்கள், குதிரையின் தலை, அற்புதமான வேலை. மருமகள் படத்தைப் பார்த்துவிட்டுத் துள்ளினாள். ராத்தா "உருவம் வீட்டுக்குள்ள வேணாம்" என்றார். எனக்கிருந்த காரணம் வேறு. அது ஏதோ ஒரு கோயிலுடையது. அந்தக் கோயிலின் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கக்கூடும்.

மூக்குப்பேணிகள் நான்கு எடுத்தோம். மருமகள் அவற்றில் சிறு செடிகள் நட்டு யன்னலோரம் வைத்தாள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. எச்சில் படாமல் குடிப்பதற்காகச் செய்த பாத்திரம் அது. யாருக்குப் பேணியில், யாருக்குச் சிரட்டையில் என்ற கணக்கும் அந்தக் காலத்தில் கூடவே இருந்தது. பழையது என்பதற்காக எல்லாவற்றையும் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தேவையில்லை. செடி முளைத்தது நல்லதே.

பெட்டகம்தான் பெரிய பாடாகிவிட்டது. மேலே ஒருவர் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம், அவ்வளவு பெரியது. லிப்டுக்குள் போகவில்லை. மூடியைக் கழற்றி லிப்டில் அனுப்பி, உடலை நான்கு பேர் எட்டு மாடியும் படியால் தூக்கினார்கள். ஐந்தாம் மாடி வளைவில் சுவரில் ஒரு கீறல் விழுந்தது. தொடர்மாடி நிர்வாகத்துக்கு ராத்தா இன்னும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எல்லாம் வைத்து முடிந்தபோது அந்தக் கூடம் உண்மையில் அழகாக இருந்தது. நீண்ட சுவரில் ஆயத்துல் குர்ஸி, அதற்கு எதிரே எனா டி சில்வாவின் பாணியில் ஒரு பத்திக் துணி. பெட்டகத்தின் மேல் பெயார்புட் கைத்தறி மெத்தைகள். நடு மேசையில் ஒரு பெரிய புத்தகம், யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனனின் 'த இன்கொம்ப்ளீட் தோம்பு'. 2011இல் வெளிவந்தது. இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறிக் கொடுக்க, அவற்றைத் தொகுத்த நூல். தோம்பு என்றால் காணிப் பதிவேடு. விருந்தாளிகள் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "என்ன அழகான டிசைன்" என்று சொல்லித் திரும்ப வைக்கிறார்கள்.

இந்த நேரத்தில்தான் வட்டா வந்தது.

நகரத்திலுள்ள ஒரு கடையின் பித்தளைக் குவியலுக்குள் கிடந்தது. கால் வைத்த வெற்றிலை வட்டா. கறுத்துப் போயிருந்தது. கிலோ விலைக்கு மேலே கொஞ்சம் கொடுத்து எடுத்துவந்து, படம் எடுத்து அனுப்பினேன். வாசல் மேசைக்கு இதுதான் வேணும் என்று மருமகள் உடனே பதில் போட்டாள். ராத்தா காசும் அனுப்பிவிட்டார். கொழும்புக்கு ஏற்ற முன் தேய்ப்போம் என்று கிணற்றடியில் புளியோடு இருந்தேன். உம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை மங்கல். பக்கத்தில் வந்திருந்து, "தா, நான் பிடிக்கிறன்" என்று வாங்கிக் கவிழ்த்துப் பிடித்தார். அடியில் விரல் பட்டது. விரல் அங்கேயே நின்றது.

பாத்திரத்தில் பெயர் வெட்டுவது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இருந்த வழக்கம். கல்யாணத்துக்கும் கந்தூரிக்கும் சாமான் இரவல் போகும், மாறி வந்துவிடக்கூடாது. சிற்றுளியால் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுத்தாக்குவார்கள். உம்மா அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தடவினார். மூன்று எழுத்து. பிறகு எங்கள் ஒழுங்கையில் நான்காவது வீட்டு மாமியின் பெயரைச் சொன்னார்.

"அவட கலியாணத்துக்கு வெட்டின பெயர். நான் அப்ப சின்னப் புள்ள. வாசல்ல இருந்துதான் வெட்டினாங்க."

அந்த மாமி புத்தளத்தில் மௌத்தாகிப் பல வருஷம். மகள் தில்லையடியில் இருக்கிறார். எழுத்து மூன்றையும் இங்கே எழுதப்போவதில்லை. காரணம் பிறகு சொல்கிறேன்.

அன்றிரவே தில்லையடிக்குத் தொலைபேசி எடுத்தேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அழுகிறாரோ என்று நினைத்தேன். பிறகு கேட்டார்.

"அதோட ஒரு படிக்கமும் இருந்திச்சே தம்பி, அது கிடைச்சதா?"

எனக்கு அது தோன்றவேயில்லை. வட்டாவும் படிக்கமும் எப்போதும் சோடி. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு ஓடினேன். இருந்தது, முந்தின கிழமை உருக்கப் போய்விட்டது என்றார் கடைக்காரர். "அடி நெளிஞ்சு போன படிக்கத்தை யார் சேர் வாங்கப்போறாங்க?" வட்டா எங்கிருந்து வந்ததென்று கேட்டேன். இன்னொரு வியாபாரியிடமிருந்து. அவருக்கு? இன்னொருவரிடமிருந்து. 1990இல் எங்கள் ஒழுங்கையிலிருந்து புறப்பட்ட அந்த வட்டா முப்பது வருஷத்துக்கு மேல் எத்தனை வீட்டில் இருந்ததோ, கேட்டால் ஒவ்வொருவரும் அதைக் காசுக்குத்தான் வாங்கியிருப்பார்கள். என்னைப்போல.

கொழும்பில் இது பெரிய பேச்சாகிவிட்டது. "காசு குடுத்து வாங்கினதுதானே, களவெடுத்தமா?" என்றார் ராத்தா. பேச்சில் பிழையில்லை. ராத்தாவின் வீடும் எங்கள் ஒழுங்கையில்தான் இருந்தது, அவர் இழந்த சாமான் எதுவும் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்துத் தில்லையடிக்காரர் வைத்தியத்துக்காகக் கொழும்பு வந்தபோது, ராத்தாவே வாகனம் அனுப்பி வீட்டுக்கு அழைத்தார். நானும் போயிருந்தேன். அந்தப் பெண் கூடத்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நேரே வாசல் மேசைக்குப் போய் வட்டாவைக் கவிழ்த்து எழுத்தைப் பார்த்தார். பிறகு விளிம்பில் ஓரிடத்தைத் தேடிப்பிடித்து, "இது நான் போட்டு நெளிச்சது. அடியும் வாங்கினன்" என்று சிரித்தார். தேத்தண்ணி குடித்தார். ராத்தா அதை ஒரு புதுத் துவாயில் சுற்றிக் கொடுக்க, ஆஸ்பத்திரி றிப்போட்டுகளோடு சேர்த்து ஒரே சொப்பிங் பையில் வைத்துக்கொண்டு போனார். அந்த மேசையில் மருமகள் இதுவரை வேறெதையும் வைக்கவில்லை. இடம் விட்டு வைப்பது பாவா வீட்டில் படித்த பாடம் என்கிறாள்.

நான் அன்றே மற்றச் சாமான்களையும் கவிழ்த்துப் பார்க்கத் தொடங்கினேன். ஏன் முன்பே பார்க்கவில்லை? மரத்தின் வயதறிய அத்தனை அடியைப் பார்த்தவன் பெயருக்காக ஒன்றையும் பார்க்கவில்லை. செம்பொன்றில் இரண்டு எழுத்து. மூக்குப்பேணி நான்கில் மூன்றில் எழுத்துண்டு, மூன்றும் வேறு வேறு வீடு. சாய்மனைக் கதிரையின் சட்டத்துக்குக் கீழே பெயின்றால் ஓர் இலக்கம். எதுவும் நம்மவர் பெயர்போலத் தெரியவில்லை. பெட்டகத்தின் மெத்தைகளை எடுத்துவிட்டு மூடியைத் திறந்து ரோச் அடித்தேன். உட்புறப் பலகையில் பென்சிலால் நான்கு வரி. பிள்ளைகள் பிறந்த ஆண்டு, தமிழ் மாதம், நட்சத்திரம், நேரம். ஏட்டில் எழுதினால் தொலைந்துவிடும், பெட்டகம் எங்கே போகப்போகிறது என்று எழுதியவர் நினைத்திருக்கவேண்டும்.

கடைக்காரரை விடாமல் கேட்டதில், மயிலிட்டிப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள் ஒரு வீட்டில் விட்டுப்போனதென்று கேள்வி என்றார். வலிகாமம் வடக்கிலிருந்து சனம் எழும்பியது 1990 யூனில். நாங்கள் எழும்பியது அதே வருஷம் ஒக்டோபரில். ஐந்து வருஷம் கழித்து, 1995இல், சரியாக அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணத்திலிருந்து வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. பெட்டகத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் இரண்டு தடவை ஓடமுடியாது. மயிலிட்டித் துறைமுகப் பகுதி திரும்பக் கிடைத்தது 2017 யூலையில், 27 வருஷத்துக்குப் பிறகு. ஒருவேளை அவர்கள் திரும்பி வந்து, நாங்கள் பார்த்த மாதிரியே, நான்கு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கலாம்.

எங்கள் பொருள் எங்கே, யார் வீட்டில் என்று முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். அந்தப் பெட்டகத்தின் மேல் மெத்தை போட்டு உட்கார்ந்திருப்பவர்களும் நாங்கள்தான் என்பது எனக்கு அன்று உறைத்தது. மருமகளிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பொலிஷ்காரன் இதுக்கும் அடிக்கட்டுமா எண்டு கேட்டான் மாமா. நல்ல காலம், வேணாமெண்டன்" என்றாள்.

எனக்குத் தெரிந்த மௌலவி ஒருவரிடம் போனேன். கண்டெடுத்த பொருளுக்கு, லுகதாவுக்கு, ஒரு வருஷம் அறிவித்தல் செய்யவேண்டும் என்பது ஓதிய பிள்ளைகளுக்குத் தெரியும். பையையும் அதைக் கட்டிய கயிற்றையும் மனதில் வைத்துக்கொண்டு, தேடி வருகிறவர் அந்த அடையாளத்தைச் சொன்னால் கொடுத்துவிடவேண்டும். விலைக்கு வாங்கியது லுகதா ஆகாது, அதற்கு வேறு சட்டம் என்று மௌலவி நீளமாக விளக்கினார். நுணுக்கம் முழுவதும் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு வருஷம் என்ற கணக்கு மட்டும் பிடித்துப்போனது. "சரி, ஒரு வருஷம்தானே" என்றார் ராத்தாவும், பெட்டகத்தில் உட்கார்ந்தபடியே.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் முடிந்ததும் சொல்லிப் பார்த்தேன். மயிலிட்டிப் பக்கத்திலும் மீன் வாங்கப் போகும் சாட்டில் இரண்டு மூன்று பேரிடம் விசாரித்தேன். ஒரு முதியவர், "எங்கட வீட்டிலயும் பெட்டகம் இருந்தது தம்பி. ஆனா எங்கட அப்பு எழுதத் தெரியாதவர்" என்றார். செம்பிலும் பேணியிலும் உள்ள எழுத்துகளைக் கொப்பியொன்றில் பிரதிபண்ணி வைத்திருக்கிறேன். ஆனால் இரண்டெழுத்தை வைத்து யாரைத் தேடுவது? பெட்டகத்தில்தான் நம்பிக்கை இருக்கிறது.

இந்தப் பக்கங்களை நம்மவர் மட்டும் வாசிப்பதில்லை. வாசிப்பவர்களுக்கும் தமிழ் நண்பர்கள் இருக்கிறார்கள், ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள். ஆகவே எழுதுகிறேன். முதிரையில் செய்தது. முன்புறத்தில் பித்தளைப் பூட்டுத் தகடு, அதன் வலது மூலை உடைந்திருக்கிறது. மூடியின் உட்புறத்தில் நான்கு பிறப்புகள். முதலாவது 1949, கடைசி 1961. இரண்டாவது வரியில் நேரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சொல்லும் எழுதியிருக்கிறது. அது என்ன சொல் என்று சொல்பவருக்குப் பெட்டகம் உரியது. லொறிக் கூலியை ராத்தா தருவார். எட்டு மாடி இறக்குகிற கூலி என் பொறுப்பு.